ஒரு குக்கர், ஒரு மூட்டை அரிசி: மூன்று பேர் அறைச் சமையல் கணக்கு

கோவையில் பீளமேடு, சரவணம்பட்டி, ஈச்சனாரிப் பக்கம் அறை எடுத்துத் தங்கிப் படிக்கிறவர்கள் மெஸ்ஸை நிறுத்திவிட்டுச் சமைக்கத் தொடங்கினால் முதல் இரண்டு வாரம் நன்றாகவே போகும். மூன்றாவது வாரம் சாம்பாரைப் பார்த்தாலே பசி அடங்கிவிடும். மாதக் கடைசியில் பார்த்தால் மிச்சம் பிடித்த காசு முழுக்கப் புரோட்டாக் கடையில் இருக்கும். சமையல் ஒரு மாதத்தில் யாருக்கும் பழகிவிடுகிறது. அறைச் சமையலை நிறுத்த வைப்பது சலிப்புதான்.

அந்தச் சலிப்புக்கு அரிசியையும் பருப்பையும் குறை சொல்லிப் பயனில்லை. அவை மொத்தமாக வாங்கினால்தான் மலிவு, அதனால் மாதம் முழுக்க அவையேதான் தட்டில் இருக்கும். மாற்ற முடிந்தவை மூன்று: புளிப்பு, தாளிப்பு, கடித்துக்கொள்ளும் பண்டம். மூன்றும் கிராம் கணக்கில்தான் செலவாகும். கீழே உள்ள அளவெல்லாம் மூன்று பேருக்கு. ஃபிரிட்ஜ் இல்லாத அறைக்கு.

சாமான்கள்

அடிப்பாகத்தில் காந்தம் ஒட்டுகிற ஆறரை லிட்டர் குக்கர், அதற்குள் ஒன்றன்மேல் ஒன்றாக வைக்க இரண்டு பாத்திரம், ஓர் இண்டக்‌ஷன் அடுப்பு, கனமான ஒரு வாணலி, சின்ன மிக்ஸி. சாதாரண அலுமினிய குக்கர் இண்டக்‌ஷனில் சூடாகாது. பழையது வாங்குகிறவர்கள் கையோடு ஒரு காந்தத்தைக் கொண்டுபோங்கள்.

வாடகை அறைகளில் பெரும்பாலும் இருப்பது 6 ஆம்பியர் பிளக் பாயிண்ட். 2000 வாட்டில் அடுப்பை வைத்தால் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர் இழுக்கும். சாக்கெட் பழுப்பேறி உருகுவது இதனால்தான். 1200 வாட் என்றால் 5.2 ஆம்பியர், தாங்கும். "பிரஷர் குக்" பொத்தானைத் தொடாதீர்கள், அது பல அடுப்புகளில் முழு வாட்டில் ஓடும். வாட்டைக் கையால் வையுங்கள். 1200 வாட்டில் அரை மணி ஓடினால் 0.6 யூனிட். அறையை வாடகைக்கு விடுபவர் யூனிட்டுக்கு என்ன கணக்குப் போடுகிறார் என்பதை முன்பணம் கொடுக்கும் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

அரிசி ஆளுக்கு வேளைக்கு 125 கிராம். இரண்டு வேளை, மூன்று பேர், முப்பது நாள்: இருபத்திரண்டரைக் கிலோ. ஒரு 26 கிலோ சிப்பம் மாதத்தைத் தாண்டி நிற்கும். (2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான லேபிள் ஒட்டிய மூட்டைக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்தது. அதன் பிறகுதான் கடைகளில் 26 கிலோ மூட்டை பெருகியது.) ஊரிலிருந்து ரேஷன் அரிசி வருகிறதென்றால் சாமானில் பெரிய செலவே குறைந்துவிடும். வாடை பிடிக்காதவர்கள் நான்கு தண்ணீர் கழுவி, குக்கரில் வைக்காமல் வடித்துச் சாப்பிடலாம். வாடையில் பெரும்பகுதி கஞ்சியோடு போய்விடும். அதில் வித்தியாசமான மணிகள் நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் கலந்திருந்தால் பிளாஸ்டிக் அரிசி என்று பொறுக்கி எறியாதீர்கள். அவை இரும்பும் ஃபோலிக் அமிலமும் பி12-உம் சேர்த்துச் செய்த செறிவூட்டிய அரிசி.

காலை குக்கர்

பொன்னி புழுங்கல் 375 கிராம். 200 மில்லி டம்ளரில் தலைதட்டினால் இரண்டே கால் டம்ளர் வரும். அரை மணி ஊறவைத்து, அளவுக்கு இரண்டரை மடங்கு தண்ணீர். பழைய அரிசியாக இருந்தால் மூன்று மடங்கு வரை கேட்கும். புது அரிசிக்கு அதே தண்ணீரை வைத்தால் குழைந்துவிடும். மூட்டை மாறியதும் முதல் நாள் கொஞ்சமாக வைத்துப் பார்த்து, சரியான அளவை மூட்டையிலேயே எழுதிவிடுங்கள்.

இன்னொரு பாத்திரத்தில் துவரம்பருப்பு 150 கிராம், மூன்று மடங்கு தண்ணீர், கால் ஸ்பூன் மஞ்சள்தூள், ஒரு ஸ்பூன் எண்ணெய். எண்ணெய் நுரையை அடக்கும், இல்லையென்றால் பருப்புத் தண்ணீர் வெயிட் வழியாகப் பீறிட்டுச் சுவரெல்லாம் தெறிக்கும். குக்கரின் அடியில் இரண்டு டம்ளர் தண்ணீர் ஊற்றி, பருப்பு கீழே, அரிசி மேலே.

விசில் எண்ணிச் சமைக்கும் பழக்கம் இண்டக்‌ஷனில் ஏமாற்றும். மிஞ்சிய ஆவி வெளியேறுவதற்குப் பெயர்தான் விசில். வாட்டைக் கூட்டி வைத்தால் ஐந்து விசில் ஐந்து நிமிடத்தில் வந்துவிடும், உள்ளே பருப்பு கல்லாக இருக்கும். வேகவைப்பது சுமார் 120 டிகிரியில் கழியும் நேரம். 1200 வாட்டில் முதல் விசில் வந்ததும் 800-க்குக் குறைத்து, கடிகாரத்தைப் பார்த்துப் பன்னிரண்டு நிமிடம். அணைத்தபின் வெயிட்டைத் தூக்காமல் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்திலும் உள்ளே வேக்காடு நடக்கிறது. விசிலே வராமல் ஓரத்தில் ஆவி கசிந்தால் கேஸ்கெட் (மூடியில் உள்ள ரப்பர் வளையம்) தளர்ந்திருக்கிறது. குளிர்ந்த தண்ணீரில் போட்டு எடுத்தால் அன்றைக்கு ஓடும், மறுநாள் புதிது வாங்கிவிடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் பருப்பு மசியவில்லை என்றால் தண்ணீரைச் சந்தேகியுங்கள். சிறுவாணித் தண்ணீர் வரும் தெருக்களில் இந்தத் தொல்லை கிடையாது. போர்த் தண்ணீரில் உள்ள கால்சியம் பருப்பின் சதையை இறுக்கிப் பிடித்துவிடும். பருப்பு ஊறவும் வேகவும் மட்டும் கேன் தண்ணீரை ஊற்றினால் போதும், அரை லிட்டர்தான் போகும். புளியையும் தக்காளியையும் பருப்பு வெந்த பிறகே சேர்க்க வேண்டும்; புளிப்பு ஏறினால் அதற்குமேல் அது எளிதில் வேகாது.

வெந்த பருப்பை அப்படியே மூடி இரவு வரைக்கும் வைத்தால், ஏப்ரல் மே வெயிலில் சாயங்காலமே ஊசிவிடும். காலையிலேயே இரண்டாகப் பிரித்துவிடுங்கள். கெட்டிப் பருப்பு மதியக் குழம்புக்கு. மேலே தெளிந்த பருப்புத் தண்ணீர் இரவு ரசத்துக்கு. அதில் புளியும் உப்பும் சேர்த்து நன்றாகக் கொதிக்கவைத்து இறக்கினால் இரவு மறுபடி கொதிக்கவைத்து இறக்கும்வரை தாங்கும். தேங்காய் அரைத்து ஊற்றிய குழம்பையும் உருளைக்கிழங்கு போட்ட குழம்பையும் இரவுக்கு வைக்காதீர்கள். முதலில் கெடுபவை அவைதான். எடுத்த கரண்டியைக் குழம்பிலேயே விட்டு மூடுவதும் கெடுதல்.

தாளிப்பை மாற்றுதல்

தட்டு முன்னால் வந்ததும் முதலில் மூக்குக்குத் தெரிவது தாளிப்பு எண்ணெயின் வாசனை. தினமும் கடுகு, உளுத்தம்பருப்பு, வரமிளகாய், கறிவேப்பிலை என்றால், உள்ளே கத்திரிக்காயா முருங்கைக்காயா என்பது பிறகுதான். மூளை "நேற்றைய சாம்பார்" என்று முடிவு கட்டிவிடும். அதனால் இந்தக் கூட்டணிக்கு வாரத்தில் இரண்டு நாள் மட்டும்.

மற்ற நாளில் அதே 150 கிராம் பருப்புக்கு:

சீரகம் ஒரு ஸ்பூன், நசுக்கிய பூண்டு எட்டுப் பல், இடித்த மிளகு அரை ஸ்பூன். புளி வேண்டாம். அடுப்பை அணைத்து இரண்டு நிமிடம் கழித்து ஒரு எலுமிச்சம்பழம் பிழியவும். கொதிக்கும்போதே பிழிந்தால் கசப்பு இறங்கும்.

சோம்பு முக்கால் ஸ்பூன், பட்டை ஒரு துண்டு, பெரிய வெங்காயம் இரண்டு, தக்காளி இரண்டு. வெங்காயம் நன்றாகச் சிவக்க வேண்டும், இதில் அவசரப்பட்டால் பச்சை வாடை தங்கிவிடும். பருப்பைத் தண்ணீர் விட்டு இளக்கி இதில் ஊற்றினால் சால்னாவின் தம்பி போல ஒன்று கிடைக்கும். கடையில் வெறும் புரோட்டா மட்டும் வாங்கி வரும் நாளுக்கு இதுதான் ஏற்றது.

தேங்காய் எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம் பத்து, பச்சைமிளகாய் மூன்று, கைப்பிடி தேங்காய்த் துருவல். புளிப்பே இல்லாத பருப்பு. கூட ஊறுகாய் வேண்டும்.

வெங்காயத் தாளிப்பு வடகம் இரண்டு உருண்டை, நல்லெண்ணெயில். வடகம் கருகாமல் உதிர்ந்து சிவந்ததும் புளிக்கரைசல், குழம்புத்தூள். பருப்பே வேண்டாம், அன்றைய பருப்பு மிச்சம்.

மோர்க்குழம்பு வைக்கிற நாளில் புளித்த தயிர் கால் லிட்டரோடு, ஊறவைத்த துவரம்பருப்பு ஒரு மேசைக்கரண்டி, சீரகம், பச்சைமிளகாய், தேங்காய் அரைத்துக் கலக்க வேண்டும். ஓரத்தில் நுரை கட்டியதும் இறக்கிவிடுங்கள். கொதிக்கவிட்டால் திரிந்து தண்ணீர் வேறு திப்பி வேறாக நிற்கும்.

புளிப்பை மாற்றிக்கொண்டே இருப்பதில் ஒரு பொருளாதாரமும் இருக்கிறது. 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டி, அரசே ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்ற மாதத்தில், புளியையும் மோரையும் எலுமிச்சையையும் நம்பியவர்களுக்குக் கணக்கு இடறியிருக்காது. ஏப்ரலில் இருந்து ஜூன் வரை மாங்காய் மலிவு. பருப்பு வெந்தபின் தோலோடு நாலு துண்டு போட்டு ஐந்து நிமிடம் கொதித்தால் போதும்.

கடித்துக்கொள்ள: சுட்ட அப்பளம், மோர்மிளகாய், வறுத்த நிலக்கடலை, பச்சைச் சின்ன வெங்காயம். குழைந்த சாதமும் குழைந்த பருப்பும் தினம் தின்றால் வாய் அலுத்துப்போவது சுவையால் மட்டும் இல்லை, பல்லுக்கு வேலை இல்லாததாலும்தான்.

கொள்ளும் அரிசிம்பருப்பும்

கொங்கு நாட்டுச் சமையலில் இந்தக் கணக்குக்கென்றே செய்தது போல இரண்டு இருக்கின்றன.

கொள்ளு 200 கிராம். கல் இருக்கும், முறத்தில் இல்லையென்றால் தட்டிலாவது பரப்பிப் பொறுக்குங்கள். எட்டு மணி நேரம் ஊறவைத்து, ஒரு லிட்டர் தண்ணீரில், முதல் விசிலுக்குப் பின் இருபத்தைந்து நிமிடம். வடித்த தண்ணீர் ரசத்துக்கு: நெல்லிக்காய் அளவு புளி, ஒரு தக்காளி, மிளகு சீரகம் தலா ஒரு ஸ்பூன், பூண்டு ஐந்து பல் தட்டிப்போட்டு, நுரைத்து வரும்போது இறக்கவும். வெந்த கொள்ளை, வதக்கிய சின்ன வெங்காயம், பூண்டு, வரமிளகாய், மல்லி, சீரகத்தோடு மிக்ஸியில் விட்டு விட்டு இரண்டு சுற்று சுற்றினால் கடைந்த கொள்ளு. மைய அரைத்தால் களி மாதிரி ஒட்டும், கொரகொரப்பாகவே நிறுத்துங்கள். சோற்றில் பிசைந்து, ஓரமாக மோர். ஒரு வேகவைப்பில் மதியத்துக்கும் இரவுக்கும் இரண்டு வேறு சாப்பாடு.

அரிசிம்பருப்பு சாதத்துக்கு அரிசி 300 கிராம், துவரம்பருப்பு 100 கிராம் சேர்த்து அரை மணி ஊறட்டும். குக்கரில் நேரடியாக எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி, கடுகு, சீரகம், வரமிளகாய் மூன்று, முழுச் சின்ன வெங்காயம் 100 கிராம், பூண்டு பத்துப் பல், ஒரே ஒரு தக்காளி, மஞ்சள்தூள், இடித்த மிளகு. அரிசியும் பருப்பும் சேர்ந்த அளவுக்கு மூன்று மடங்கு தண்ணீரை முதலில் ஊற்றி, அடியை நன்றாகச் சுரண்டி, கொதி வந்தபின்தான் அரிசி. இண்டக்‌ஷன் சூடு வளையமாக ஓரிடத்தில் இறங்குவதால், வதக்கல் ஒட்டியிருக்கும் இடத்தில் அடிப்பிடித்துக் காந்தல் வாடை முழுச் சாதத்திலும் ஏறிவிடும். முதல் விசிலுக்குப் பின் 800 வாட்டில் எட்டு நிமிடம். நெய் இருந்தால் நெய், இல்லையென்றால் தயிர்.

புரதம்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2020 பரிந்துரை, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம். 60 கிலோ ஆளுக்கு 50 கிராம். 250 கிராம் அரிசியில் பதினேழு, 50 கிராம் பருப்பில் பதினொன்று, ஒரு முட்டையில் ஆறு. கூட்டினால் முப்பத்து நாலு. குறைவது பதினாறு கிராம்.

எதை வைத்து நிரப்புவது என்பதற்குக் கடையில் நின்றே கணக்குப் போடலாம்: கிலோவில் உள்ள புரதத்தை விலையால் வகுக்க வேண்டும். துவரம்பருப்பு 140 ரூபாய் என்று வைத்தால் ரூபாய்க்கு 1.6 கிராம். முட்டை 7 ரூபாய் என்றால் 0.9-கூட இல்லை. கொள்ளு 100 ரூபாய்க்கு 2.2. சோயா உருண்டை 160 ரூபாய்க்கு 3 கிராமைத் தாண்டும். விலை மாறும், வரிசை அவ்வளவு சீக்கிரம் மாறாது. அதற்காக முட்டையை விட்டுவிட வேண்டாம், பி12-க்கு அது தேவை.

சோயாவை யாரும் விரும்பாததற்குக் காரணம் சரியாகப் பிழியாததே. 100 கிராமை உப்புப் போட்ட கொதிநீரில் ஐந்து நிமிடம், பிறகு பச்சைத் தண்ணீரில் போட்டு இரண்டு முறை ஒட்டப் பிழிய வேண்டும். முதல் பிழிவில் வரும் மஞ்சள் தண்ணீரில்தான் அந்தப் பச்சை வாடை இருக்கிறது. சோம்பு, வெங்காயம், மிளகுத்தூள், நிறையக் கறிவேப்பிலை போட்டுச் சுக்காவாக வறுத்தால் மூன்று பேருக்குத் தொட்டுக்கொள்ள ஆகும்.

முட்டையைக் குழம்பில் உடைத்து ஊற்றுவது மிகச் சுலபம். குழம்பு தளதளவென்று கொதிக்காமல் ஓரம் மட்டும் கொதிக்கும் நிலையில், ஒவ்வொன்றையும் கரண்டியில் உடைத்து வெவ்வேறு இடத்தில் இறக்கி மூடிவிடுங்கள். ஐந்து நிமிடம் கிளறக்கூடாது. கிளறினால் நூல் நூலாகக் குழம்பெல்லாம் கலங்கிவிடும்.

புளிக்காய்ச்சல்

சமைக்க நேரமில்லாத நாளுக்கு இது இருந்தால் ஹோட்டல் பக்கம் போக வேண்டாம். புளி 200 கிராம், 600 மில்லி வெந்நீரில் அரை மணி ஊறவைத்துக் கெட்டியாகக் கரைத்து, திப்பியில் இன்னும் 200 மில்லி ஊற்றி இரண்டாவது பிழிவு. நல்லெண்ணெய் 200 மில்லி. கடுகு இரண்டு ஸ்பூன், கடலைப்பருப்பு நான்கு மேசைக்கரண்டி, வரமிளகாய் பதினைந்து, கறிவேப்பிலை, மஞ்சள்தூள் ஒரு ஸ்பூன், பெருங்காயம் ஒரு ஸ்பூன், கல்லுப்பு 50 கிராம், வெல்லம் இரண்டு மேசைக்கரண்டி. வெறும் வாணலியில் வறுத்துப் பொடிக்க: மல்லி இரண்டு மேசைக்கரண்டி, எள் இரண்டு மேசைக்கரண்டி, வெந்தயம் ஒரு ஸ்பூன், வரமிளகாய் ஆறு. வெந்தயத்தைத் தனியாக வறுங்கள். அது நிறம் மாறிய நொடியே தட்டில் கொட்டாவிட்டால் மொத்தமும் கசக்கும்.

150 மில்லி எண்ணெயில் தாளித்து, கரைசலை ஊற்றி, மஞ்சளும் உப்பும் போட்டு மிதமான சூட்டில் விடுங்கள். நாற்பது நிமிடம் வரை ஆகும். கரண்டியால் நடுவில் கோடு இழுத்தால் உடனே மூடிக்கொள்ளாமல் நிற்க வேண்டும், ஓரமெல்லாம் எண்ணெய் பிரிய வேண்டும். அப்போது பொடியும் வெல்லமும், மேலே மீதி 50 மில்லி எண்ணெய். இந்தப் பதத்துக்கு முன்பே இறக்கினால் உள்ளே தண்ணீர் தங்கிப் பூசணம் பூக்கும். கெடாமல் காப்பது புளிப்பும் உப்பும் தண்ணீர் இல்லாமையும் சேர்ந்துதான். எண்ணெய் மேலே மூடி போல நின்று உதவுகிறது. எண்ணெயைக் குறைத்து உடம்புக்கு நல்லதாகச் செய்கிறேன் என்று போனால் சீக்கிரம் தின்று தீர்த்துவிட வேண்டும். அலுமினிய வாணலி வேண்டாம், புளி அரிக்கும். கண்ணாடி பாட்டில், ஈரமில்லாத ஸ்பூன். நிலக்கடலையை இதிலேயே போட்டு வைத்தால் நமத்துவிடும். பிசையும்போது வறுத்துச் சேர்க்கலாம். ஒரு தட்டுச் சோற்றுக்கு இரண்டு மேசைக்கரண்டி, பதினைந்து தட்டுக்கு மேல் வரும்.

பருப்புப்பொடி இன்னும் எளிது: துவரம்பருப்பு 200 கிராம், பொட்டுக்கடலை 50 கிராம், வரமிளகாய் பத்து, மிளகும் சீரகமும் தலா ஒரு ஸ்பூன், தோலோடு பூண்டு ஆறு பல், உப்பு. பருப்பைச் சின்னச் சூட்டில் பத்துப் பன்னிரண்டு நிமிடம். வெளியே சிவந்து உள்ளே பச்சையாக இருந்தால் வயிறு உப்பும், ஒன்றைக் கடித்துப் பாருங்கள். சூட்டோடு அரைத்தால் வியர்த்துக் கட்டி தட்டும்.

மிஞ்சிய சோறு

இரவு மிஞ்சிய சோற்றைச் சட்டியிலேயே மூடி வைத்துக் காலையில் எலுமிச்சை சாதமோ எக் ரைஸோ கிளறுவது அறைகளில் சகஜம். இதை நிறுத்த வேண்டும். பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் வேகவைப்பில் சாவதில்லை. வெதுவெதுப்பான சோற்றில் முளைத்துப் பெருகி அவை விடும் நஞ்சு, மறுபடி வாணலியில் போட்டுச் சூடாக்கினாலும் போகாது. கிளறின சாதம் தின்று இரண்டு மணி நேரத்தில் வாந்தி என்றால் பெரும்பாலும் இதுதான்.

சாப்பிட்டு முடித்த கையோடு சோறு மூழ்கத் தண்ணீர் ஊற்றிவிடுங்கள். காலையில் லேசாகப் புளித்திருக்க வேண்டும். உப்பு, மோர், சின்ன வெங்காயம், மோர்மிளகாய். கோடையில் எட்டு மணி நேரத்துக்கு மேல் விடவேண்டாம். கையில் அள்ளும்போது நூல் விட்டாலோ, புளிப்பு இல்லாமல் வேறு நாற்றம் வந்தாலோ கொட்டிவிடுங்கள். இந்த வேலையே வேண்டாம் என்றால் இரவு அரிசியை 300 கிராமாகக் குறைக்கலாம்.

காய்க்கு சிங்காநல்லூர், ஆர்.எஸ்.புரம் உழவர் சந்தைகள் போதும். விலைப்பலகை இருப்பதால் பேரம் கிடையாது. சந்தை கலையும் நேரத்தில் கீரைக்கட்டும் கொத்தமல்லியும் இன்னும் இறங்கும். சீக்கிரம் வாடுகிற வெண்டை, கத்திரி, கீரையை முதலில் தீர்த்து, பூசணி, சேனை, பீட்ரூட்டைப் பின்னுக்கு வையுங்கள். காலைக்கு மாவு அரைக்க வழியில்லாத அறைகளுக்கு அம்மா உணவகத்தின் ஒரு ரூபாய் இட்லியை எந்தச் சமையலும் விலையில் வெல்ல முடியாது.

தேர்வு மாதத்துக்கு முந்தைய ஞாயிறு: புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில், பருப்புப்பொடி ஒரு டப்பா, முட்டை ஓர் அட்டை, அப்பளம் இரண்டு கட்டு, கையிருப்பாக ஒரு கேஸ்கெட். அந்த மாதம் குக்கரில் அரிசி மட்டும் வைத்தால் போதும். அதற்கு முதல் விசிலுக்குப் பின் எட்டு நிமிடமே கணக்கு.